நான் வைத்த முப்பத்தேழு புள்ளிகள்

கார்த்தி,

நலமா என்று கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வர எனக்கு இப்போது நேரமும் இல்லை, மனசும் இல்லை. நான்கு நாட்களாக நீ என் போனை எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டாய் என்று மட்டும் தெரிகிறது, பதில் வருவதில்லை. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'அச்சா, அம்மா திரும்ப ஆரம்பிச்சுட்டா' என்று மூடி வைத்துவிடுவாய். இதை என் மருமகள் வித்யாதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் மதுரைப் பெண், ஒரு வரியைக்கூட விழுங்க மாட்டாள். வித்யா, நடுவில் அவன் எழுந்து போனால் உட்காரச் சொல்லு.

எனக்கு வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்தாகப் போகிற உன் வரைபடத்திலிருந்து நான் வைத்த முப்பத்தேழு புள்ளிகளையும் எடுத்துவிடு. ஒன்றை மட்டும் அல்ல, முப்பத்தேழையும்.

வித்யாவுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியாது. அவளுக்காகவும் சொல்கிறேன். வேலைக்குப் போகிற ஏழைப் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் தில்லியில் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று வரைபடம் போடும் வேலை ஒரு சர்க்கார் டிபார்ட்மென்டிலிருந்து கார்த்தியின் கம்பெனிக்கு வந்தது. இருக்கிற காப்பகம் ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளி. ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு நடந்து போகக்கூடிய தூரத்துக்கு அதைச் சுற்றி ஒரு வட்டம். எந்த வட்டத்துக்குள்ளும் விழாத இடம் சிவப்பு. சிவப்பு இடங்களுக்கு ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு அங்கே புதிய காப்பகம் திறப்பார்கள். நல்ல வேலை. உண்மையாகவே நல்ல வேலை. அதைக் கேட்டபோது எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கவில்லை, ஜனக்புரி காய்கறிக்காரன் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் உனக்குக் கிடைத்த பழைய பட்டியலில் முகவரிகள் எப்படி இருந்தன? 'தண்ணீர்த் தொட்டி அருகில்', 'பால் பூத்துக்குப் பின்னால்', 'பிரதான்ஜி வீட்டு மாடி'. எந்தத் தொட்டி, எந்த பூத், எந்தக் குடிசைப் பகுதியின் தலைவர்? அந்தக் காப்பகங்களின் மாத அறிக்கைகள் வந்து சேரும் செக்‌ஷனில்தான் நான் ரிடையர் ஆகும் வரை பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்தாய். "அம்மா, நீதானே இதெல்லாம் பாத்துக்கிட்டிருந்தே. இது எங்க இருக்கு, ஜல்தி சொல்லு" என்றாய்.

நான் சொன்னேன். திரையில் விரலை வைத்துக் காட்டினேன். நீ புள்ளி வைத்தாய். அடுத்த ஞாயிறும் வந்தாய், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாய். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். உனக்குப் பதினைந்து வயது ஆனதிலிருந்து நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை கார்த்தி. எந்தக் கல்லூரி, எந்த வேலை, எந்தப் பெண், எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குத் தெரியும். (வித்யா, உன்னைக் குறை சொல்லவில்லை.) அப்படிப்பட்ட பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எங்கே, அது எங்கே' என்று கேட்கிறான். போனில் உன் நண்பனிடம், "எங்க அம்மாதான்டா என்னோட டேட்டாபேஸ்" என்று சிரித்தாயே, அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அந்த முப்பத்தேழு இடங்களில் நான் என் கண்ணால் பார்த்தது ஐந்து. அதுவும் எப்போதோ இன்ஸ்பெக்‌ஷன் என்ற பெயரில் ஜீப்பில் போய், சமோசாவும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தது. மீதி முப்பத்திரண்டும் எனக்குக் காகிதத்தில் மட்டும்தான் தெரியும். காகிதத்தில் படித்துப் படித்து, நேரில் போனதுபோலவே எனக்கு ஆகிவிட்டிருந்தது. இது எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி.

அந்தக் காகிதத்தின் லட்சணத்தையும் கேட்டுக்கொள். மாதாமாதம் ஒவ்வொரு காப்பகமும் இத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். சில இடங்களிலிருந்து வராது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு நாங்கள் கடிதம் போட வேண்டும், அவர்கள் விளக்கம் எழுத வேண்டும், அதை ஃபைலில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவருக்கு அது பிடிக்காது. நான் அந்த செக்‌ஷனுக்குப் போன முதல் மாதமே ஹெட் கிளார்க் சொல்லிக் கொடுத்தார்: "ரிப்போர்ட் நஹீ ஆயா தோ பிச்லே மஹீனே வாலா சடா தோ." அறிக்கை வரவில்லையா, போன மாதக் கணக்கையே ஏற்றிவிடு. அவ்வளவுதான். நானும் ஏற்றினேன். எல்லோரும் ஏற்றினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், சர்க்கார் புளுகுக்கு அந்த வரம்பும் கிடையாது.

அப்படி நான் ஏற்றிக்கொண்டே இருந்த ஒரு காப்பகம் நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, பெரிய சாக்கடை ஓரத்து பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், இருந்தது. இருபத்தைந்து குழந்தைகள். அடுத்த மாதமும் இருபத்தைந்து. அடுத்த வருஷமும் இருபத்தைந்து. பதினொரு வருஷம் அந்த இருபத்தைந்து குழந்தைகளுக்கும் வயதே ஏறவில்லை. எனக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. நீ கேட்டபோது, "இது எனக்கு நல்லா தெரியும்டா, சாக்கடைக்கு இந்தப் பக்கம், கோயிலுக்கு அடுத்த சந்து" என்று அடித்துச் சொன்னேன். புள்ளி விழுந்தது. வட்டம் விழுந்தது. அந்தக் குடிசைப் பகுதி முழுவதும் பச்சையாகிவிட்டது.

பூனம் அங்கேதான் இருக்கிறாள். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிற பூனம்தான். அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் காஜல், ஏழு வயது. சின்னவளுக்கு இரண்டு வயது, குடியா என்று கூப்பிடுவார்கள். போன தீபாவளிக்குப் பிறகு அவள் மாமியார் பீகாருக்கே திரும்பிப் போய்விட, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் குடியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அது சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மெல்ல ஹாலுக்கு வந்து கம்பளத்தில் ஒன்றுக்குப் போய்விட்டது. நான் முகத்தைச் சுளித்தேன். பூனம் துடைத்துக்கொண்டே, "ஆன்ட்டிஜி, இவளை இங்கேயே ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா, மூன்று மணி நேரம்தானே" என்று ஹிந்தியில் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க பஸ்தியிலேயே குழந்தைங்களைப் பாத்துக்கிற கிரெச் இருக்கு. எனக்குத் தெரியும். கோயிலுக்கு அடுத்த சந்து. அங்கே கொண்டுபோய் விடு" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரிதான் சொன்னேன்.

அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. சந்து சந்தாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேடியிருக்கிறாள். மூன்றாம் நாள் வந்து, "வஹா குச் நஹீ ஹை, ஆன்ட்டிஜி" என்றாள். அங்கே ஒன்றுமில்லை. எட்டு வருஷமாக அங்கேயே குடியிருப்பவள் சொல்கிறாள். நான் அவளைத் திட்டினேன் கார்த்தி. "சரியா விசாரிச்சிருக்க மாட்டே. உனக்கு சோம்பல். என் பையன் மேப்லயே இருக்கு" என்றேன். அதோடு விடவில்லை. போனை எடுத்து, நீ அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கி அந்தப் பச்சைப் புள்ளியை அவளிடம் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவள் கண்ணைவிட என் போனை அவள் நம்பினாளா, வேலை போய்விடும் என்று பயந்தாளா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து காஜல் பள்ளிக்கூடம் போகவில்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாள். பக்கத்திலேயே சாக்கடை திறந்து கிடப்பதால் பூனம் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு வருவாள்.

ஜனவரிக் குளிர். தங்கைக்குக் கை கால் கழுவிவிட வேண்டும் என்று காஜல் வாளித் தண்ணீரில் அந்தச் சூடேற்றுகிற ராடைப் போட்டிருக்கிறாள். அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தண்ணீர் கொதித்ததும் கெட்டிக்காரியாக ஸ்விட்சை அணைத்து ராடை வெளியே எடுத்துவிட்டாள். துண்டு எடுக்கத் திரும்பியிருக்கிறாள். குடியா வாளிக்குள் கையை விட்டுவிட்டது, முழங்கை வரைக்கும். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. இரண்டு குழந்தைகளும் உள்ளே கத்துகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த நேரத்தில் பூனம் என் வீட்டு இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் வலது கை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கட்டு போட்டிருக்கிறார்கள். இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்குமாம். கை முழுசாக விரியுமா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பூனம் அங்கேயே கிடக்கிறாள். காஜல் என் வீட்டில் இருக்கிறாள். இப்போது கம்பளமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் பெண் சாப்பிடும்போதும் கை கழுவும்போதும் திடீர் திடீரென்று, "நான்தான் தண்ணீர் சுட வைத்தேன்" என்கிறாள். இல்லை, தப்பு என்னுடையது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்வது என்று நினைக்கிறாள்.

போன வாரம்தான் நான் அந்தச் சந்துக்குப் போனேன். ஆட்டோவில் பத்து நிமிஷம். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் போயிருக்கலாம். உன் புள்ளி இருக்கிற இடத்தில் ஒரு டென்ட் ஹவுஸ் கோடவுன் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற நாற்காலிகளும் சிவப்புக் கம்பளச் சுருட்டுகளும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. அங்கிருந்த ஆளிடம் காப்பகம் எங்கே என்று கேட்டேன். "மாதாஜி, நாங்க வந்தே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி ஏதோ இருந்துச்சு. போன மாசம்கூட ஒரு பொண்ணு குழந்தையோட வந்து இதையேதான் கேட்டுச்சு" என்றான். அவனே அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டான்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "ஒரு புள்ளிதானேம்மா. ரெண்டு வருஷத்துல ரிவிஷன் வரும், அப்ப சரி பண்ணிக்கலாம். மத்ததெல்லாம் சரியா இருக்குல்ல?" என்றாய். மற்றதும் தெரியாது என்றேன். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாய்: "அம்மா, அந்த முப்பத்தேழுக்கும் 'நேரில் சரிபார்த்தது'ன்னு போட்டிருக்கேன். நீ பாத்திருப்பேன்னு நம்பித்தான் போட்டேன். இப்ப போய் என்ன சொல்றது? எங்க அம்மா சாப்பாட்டு மேஜையில வெரலை வெச்சுக் காட்டினாள்னா? வேலை போயிடும்மா." வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அது என் பயம்தான், உனக்கு என்னிடமிருந்து வந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு வெற்றுக் கட்டத்தைக்கூட விட்டுவைக்கத் தைரியம் இல்லாதவள் பெற்ற பிள்ளை நீ. கட்டம் காலியாக இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். நிரப்பிவிட்டால் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் நிரப்பினேன். நீயும் அதற்காகத்தான் நிரப்பினாய். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வந்திருந்தால் குடியாவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். புள்ளி இருக்கிற இடத்துக்கு யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். சிவப்பாகக் கிடந்தால் ஒருவராவது போய்ப் பார்ப்பார். அதனால்தான் முப்பத்தேழையும் எடு என்கிறேன். நான் பார்த்த ஐந்தும் உள்பட. அவை இருந்தால் போகிறவர்கள் பார்த்து எழுதட்டும், யார் குடி முழுகிவிடும்? இல்லாமல் போயிருந்தால் அதற்குப் பின்னால் எத்தனை வீடுகளில் வெளியே பூட்டு தொங்குகிறதோ, நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டு வருஷம் பொறு என்கிறாய். இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு வருஷம் என்றால் அது வாழ்ந்த அளவு காலம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உன் அப்பாவுக்கும் தெரியாது. சின்ன வயதில் நீ சமர்த்து, தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாய் என்று நான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன் அல்லவா? நாம் அப்போது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். உனக்கு இரண்டரை வயது. அப்பா டூரில் இருந்தார். உன்னை விடுகிற காப்பகத்தை ரிப்பேர் என்று ஒரு வாரம் மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஆடிட், லீவு கிடையாது. உனக்கு வாங்கி வைத்திருந்த சளி மருந்து குடித்தால் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். நீ தூங்கியதும் கதவைப் பூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். திரும்பி வந்து எழுப்பினால் நீ எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் அடித்தேன். உன் தலை என் கையில் துவண்டு துவண்டு விழுந்தது. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு நீ கண்ணைத் திறந்து, பால் கேட்டாய்.

நான் உன்னைக் கொன்றிருப்பேன் கார்த்தி. கொல்லாமல் போனது என் சாமர்த்தியம் இல்லை. அதைச் சமர்த்துக் குழந்தை என்று கதையாக்கி, முப்பது வருஷம் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரித்தேன். அப்படிப்பட்ட நான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவளிடம், 'உனக்கு சோம்பல்' என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. எனக்கு நேர்ந்ததை நான் மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. மறக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று வைத்துக்கொண்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஒரு மனு எழுதி முடித்தேன். என் பெயர், பழைய பதவி, எந்தெந்தக் காப்பகங்களுக்கு அறிக்கை வராமலே கணக்கு ஏற்றினேன் என்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத இடங்களைப் பார்த்ததாகக் காட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது. நீ போய்ப் பார்க்காமல் என் பேச்சை எழுதிக்கொண்டாய் என்பதும் இருக்கிறது. அந்த வரியை விட்டுவிட முடியுமா என்று இரண்டு தடவை அடித்து எழுதிப் பார்த்தேன். விட்டால் அதுவும் போன மாதக் கணக்கை ஏற்றுவதுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரைபடம் கேட்ட அந்த டிபார்ட்மென்டுக்கு நேரில் போய்க் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு வருவேன். உன் வேலை போகலாம், தெரியும். நீ என் முகத்தில் விழிக்காமலே இருந்துவிடலாம், அதுவும் தெரியும்.

ஆனால் நாளைக்கே நான் போயிருக்கலாம். போகவில்லை. இந்தக் கடிதத்தை இன்றைக்கே ஆள் மூலம் வித்யா கைக்கு அனுப்பிவிட்டு, புதன்கிழமை ஒரு நாளை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன். நான் போவதற்குள் நீயே போய்ச் சொன்னால், தன் தப்பைத் தானே வந்து சொன்னவன் என்று இருக்கும். நான் போன பிறகு சொன்னால், பெற்ற தாய் காட்டிக்கொடுத்து மாட்டிக்கொண்டவன் என்றுதான் இருக்கும். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை, இந்த ஒரு நாள்தான். போ கார்த்தி. என்னைத் திட்டிக்கொண்டேயாவது போய்ச் சொல்லிவிடு.

அம்மா